ஓயாத கைகளுக்கு ஓய்வு: தொழில்நகரத் தாய்மாரின் சோர்வும் அதன் தடுப்பும்

(விழாவின் மகளிர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடைகளில் தாய்மையைப் போற்றுவது எளிது. பொறுமைக்கு நிலத்தையும் ஈகைக்கு மழையையும் உவமை சொல்லித் தாயைப் புகழ்வது இந்நாட்டின் பழைய வழக்கம். ஆனால் புகழுரையில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றையும் தாங்குபவள் என்று ஒருத்தியைப் புகழ்ந்துவிட்டால், அவள் தாங்க முடியாமல் தளரும்போது அதைச் சொல்ல அவளுக்கே நா எழுவதில்லை. சொன்னாலும் கேட்கச் செவி கிடைப்பதில்லை. ஆகவே இவ்வுரை புகழுரையன்று. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேலைக்குச் செல்லும் ஒரு தாயின் நாள் எவ்வாறு கழிகிறது, அவள் எங்கே ஓய்ந்துபோகிறாள், அதைத் தடுக்க யார் என்ன செய்ய வேண்டும் என்னும் கணக்கே இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

முதலில் இந்நிலத்தின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கிருஷ்ணகிரி. மாம்பழத்துக்கும், கேழ்வரகுக்கும், ஓசூர்ப் பக்கத்து ரோஜாவுக்கும் பெயர்பெற்ற இம்மண்ணில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980களில் மொபெட்டும், லாரியும், கைக்கடிகாரமும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை சுற்றுவட்டார ஊர்களின் இளைஞரையும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து வேலை தந்தது. அண்மை ஆண்டுகளில் கைபேசி உறுப்புகள் செய்யும் பெரிய ஆலை கெலமங்கலத்தை அடுத்து அமைந்து, பெரும்பாலும் பெண்களையே பணியில் அமர்த்தியது. போச்சம்பள்ளியில் அமைந்த மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை முழுவதும் பெண்களாலேயே இயங்கும் என 2021-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக அரசின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டியது. அவர்களுள் இவ்வட்டாரத்துப் பெண்களின் பங்கு சிறியதன்று. ஆலைப் பெண்களோடு ஆசிரியைகளையும், செவிலியரையும், வங்கி ஊழியரையும், கடை நடத்துவோரையும், எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திரத்துக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் நாள்தோறும் சென்று மீள்வோரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இப்பெண்கள் ஈட்டும் ஊதியம் பல குடும்பங்களைக் கடனிலிருந்து மீட்டிருக்கிறது. பல பெண் குழந்தைகளைக் கல்லூரி வாசலுக்குக் கொண்டு சேர்த்திருக்கிறது. அந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. அந்நன்மைக்கு ஒரு தாய் தன் உடலாலும் உள்ளத்தாலும் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதே இங்கு எழும் வினா.

களைப்பு வேறு, ஓய்ந்துபோதல் வேறு. நாள் முழுதும் உழைத்தவர் இரவு உறங்கி எழுந்தால் களைப்பு தீர்கிறது. ஓய்ந்துபோனவருக்கு உறங்கி எழுந்த பின்னும் அது தீர்வதில்லை. எண்ணெய் வற்றிய அகலில் திரியே எரியத் தொடங்குவது போன்றது அந்நிலை. வெளிச்சம் சிறிது நேரம் இருக்கும். ஆனால் எரிவது விளக்கின் உடைமையன்று, விளக்கே ஆகும். அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் இந்நிலைக்கு ஒரு பெயர் சூட்டி எழுதினார். பிறர் துயர் துடைக்க முன்வந்த மருத்துவ ஊழியரும் தொண்டரும் நாளடைவில் உள்ளம் வறண்டு போவதைக் கண்டு அவர் அதை எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அறிஞர் அதை அளந்தறியும் முறையை வகுத்தார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டு நூலின் பதினோராம் பதிப்பில் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. ஆற்றல் வற்றிப்போதல் முதலாவது. செய்யும் வேலையிலிருந்து மனம் விலகி, அதன்மேல் வெறுப்பும் ஏளனமும் தோன்றுதல் இரண்டாவது. தன்னால் எதுவும் திறம்படச் செய்ய இயலவில்லை என்னும் எண்ணம் மூன்றாவது. இதனை ஒரு நோய் என்று அந்நிறுவனம் சொல்லவில்லை. முறையாகக் கையாளப்படாத நெடுநாள் பணியழுத்தத்தின் விளைவு என்றே கூறியது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. நோய் என்றால் குறை நோயாளியிடம் இருக்கிறது என்று உலகம் எண்ணிவிடும். பணியழுத்தத்தின் விளைவு என்றால், பணி எவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது என்று ஆராய வேண்டிய கடமை எல்லோருக்கும் வந்து சேர்கிறது.

ஒரு நாளில் 24 மணி நேரமே உண்டு. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுது, எட்டு மணி ஓய்வு என்னும் பாகுபாட்டை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் முழங்கினார். சென்னையில் 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் தொழிலாளர் நாளைக் கொண்டாடினார். இந்தியாவில் நடந்த முதல் மே தின விழா அதுவே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் அந்த வரம்பைத் தளர்த்தி 12 மணி நேர வேலைக்கு இடம்தரும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாள்களிலேயே அரசு அதனைத் திரும்பப் பெற்றது. வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்காக இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக் காலம் போராட்டம் நடந்திருக்கிறது.

ஆனால் ஆலை வாயிலில் நிற்கும் அந்த எல்லை, வீட்டு வாயிலில் நிற்பதில்லை. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடங்களையே செலவிட்டனர். குழந்தைகளையும் முதியோரையும் பேணுவதில் பெண்கள் செலவிட்டது 137 நிமிடங்கள். ஆண்கள் செலவிட்டது 75 நிமிடங்கள். அதிலும், வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் 100-க்கு 80 பேருக்கு மேல். ஆண்களோ 30 பேருக்கும் குறைவு.

இந்த எண்களை ஓசூர்த் தாய் ஒருத்தியின் நாளில் பொருத்திப் பார்க்கலாம். ஆலையில் இடைவேளை உட்பட எட்டரை மணி நேரம். கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருப்பதும், சென்று வருவதும் சேர்ந்து இரண்டு மணி நேரம். வீட்டு வேலையும் குழந்தைப் பேணலும் மேற்சொன்ன சராசரியின்படி ஏழு மணி ஆறு நிமிடம். மூன்றையும் கூட்டினால் பதினேழரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எஞ்சிய ஆறேகால் மணிச் சொச்சத்தில் அவள் உறங்க வேண்டும், குளிக்க வேண்டும், உண்ண வேண்டும், வழிபட வேண்டும். அந்தச் சராசரியில் வெளிவேலைக்குச் செல்லாத பெண்களும் அடங்குவர் என்பது உண்மையே. வேலைக்குச் செல்லும் தாய் வீட்டு வேலையின் நேரத்தை ஓரளவு சுருக்கிக்கொள்கிறாள். எதைச் சுருக்குகிறாள்? துவைப்பதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறாள். ஆகவே வார விடுமுறை விடுமுறையாக இருப்பதில்லை. தன் உணவைச் சுருக்குகிறாள். எல்லாவற்றினும் முதலாகத் தன் உறக்கத்தைச் சுருக்குகிறாள்.

உறக்கம் பற்றி இவ்வட்டாரத்தில் தனியே பேச வேண்டிய காரணம் உண்டு. ஆலைகள் பல மூன்று ஷிப்டுகளில் இயங்குகின்றன. காலை ஆறு மணி ஷிப்டுக்குச் செல்பவள் நான்கு மணிக்கு முன்பே எழுந்தாக வேண்டும். பிற்பகல் ஷிப்டு முடித்து வருபவள் நள்ளிரவை ஒட்டியே படுக்கிறாள். ஆனால் பள்ளி செல்லும் பிள்ளை ஆறு மணிக்கு அவளை எழுப்பிவிடுகிறது. இரவு ஷிப்டு முடித்து வருபவளுக்கோ, உலகம் விழித்திருக்கும் நேரமே உறங்கும் நேரம். கதவைத் தட்டும் பால்காரர், தொலைபேசி, பிள்ளையின் அழுகை, மதிய உணவு வேலை என்று அவள் பகலுறக்கம் துண்டுதுண்டாகச் சிதறுகிறது. ஷிப்டு முறை வாரந்தோறும் மாறினால் உடலின் உள்கடிகாரம் எதற்கும் பழகிக்கொள்ள இயலாமல் தவிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-லும் மீண்டும் 2019-லும் நெடுநாள் இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடும் என்னும் பட்டியலில் வைத்தது என்பதை எண்ணினால், இரவு ஷிப்டு முடித்து வந்தவரின் பகலுறக்கம் எவ்வளவு காக்கப்பட வேண்டியது என்பது விளங்கும்.

பெண்களை இரவில் பணியமர்த்தக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் நீக்கியது. ஆணுக்குத் திறந்த வாயில் பெண்ணுக்கு அடைபடக் கூடாது என்பது அத்தீர்ப்பின் நியாயம். போக்குவரத்து, பாதுகாப்பு முதலிய நிபந்தனைகளையும் நீதிமன்றம் விதித்தது. வாயில் திறந்தது நன்று. ஆனால் இரவு வேலைக்குச் சென்று வந்த ஆண் பகலில் உறங்கும்போது வீடு அவருக்காக அமைதி காக்கிறது. பெண் உறங்கும்போது அதே அமைதி கிடைப்பதில்லை. சட்டம் தந்த சமத்துவம் வீட்டு முற்றத்தில் இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு காரணமும் இம்மண்ணுக்கே உரியது. ஓசூர் வந்தேறிகளின் நகரம். அரூர், ஊத்தங்கரை, பாலக்கோடு, திருவண்ணாமலை, சேலம் முதலிய பக்கங்களிலிருந்தும், கர்நாடகத்திலிருந்தும், ஆந்திரத்திலிருந்தும், வடமாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் இரண்டு அறைகொண்ட வாடகை வீடுகளில் வாழ்கின்றன. ஒரே வரிசை வீடுகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும். அக்கம்பக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உரிமையோடு ஒப்படைத்துச் செல்ல அத்தையோ பெரியம்மாவோ அருகில் இல்லை. பால் மறந்த பிள்ளையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை சென்று பார்த்து வரும் தாய்மார் இவ்வட்டாரத்தில் பலர். அப்பிள்ளை பாட்டியை 'அம்மா' என்று அழைத்துத் தன்னைக் கண்டு ஒதுங்கும் நாளில் அத்தாயின் நெஞ்சில் ஏற்படும் வெறுமைக்கு ஊதியச் சீட்டில் பத்தி இல்லை.

பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இசபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகோலைசாக்கும் பெற்றோரின் உளச்சோர்வைப் பற்றி 42 நாடுகளில் 17,000-க்கும் மேற்பட்ட பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. நாடுகளுக்கிடையிலான பொருளாதார ஏற்றத்தாழ்வைவிடத் தனிமனித வாழ்வுப் பண்பாடே பெற்றோரின் சோர்வோடு மிகுதியாகத் தொடர்புடையதாக அவ்வாய்வு உணர்த்தியது. தனிமனித வாழ்வு ஓங்கிய நாடுகளில் இச்சோர்வு மிகுந்தும், உற்றாரும் ஊராரும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் நாடுகளில் குறைந்தும் காணப்பட்டது. கூட்டுக்குடும்ப மரபுடைய இந்நாட்டுக்கு இது பெருமை தரும் செய்தி என்று மகிழ்ந்து நின்றுவிடலாகாது. ஓசூரின் வாடகை வீட்டில் வாழும் தாய் அந்த மரபிலிருந்து நூறு கல் தொலைவில் இருக்கிறாள். மரபின் கடமைகள் மட்டும் அவளோடு பேருந்தேறி வந்தன; மரபின் துணைக் கைகள் ஊரிலேயே தங்கிவிட்டன.

இனி, தடுக்கும் வழிகளைக் காணலாம். முதலாவது, அறிகுறிகளை அறிந்துகொள்ளல். முன்பு விருப்பமாய்ச் செய்த வேலை கசந்து போதல், சிறு பிழைக்கும் பிள்ளையின்மேல் சீறிவிட்டுப் பின் தனியே அழுதல், படுத்தும் உறக்கம் வராமை, ஞாயிறு மாலையிலேயே மறுநாளை எண்ணி நெஞ்சு பதைத்தல், யாரோடும் பேசப் பிடியாமை, பிள்ளையைக் கவனித்தாலும் இயந்திரம்போல் கவனித்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் அது வெறும் களைப்பன்று.

அதே வேளையில், சோர்வுக்கெல்லாம் மனத்தையே காரணமாக்கலும் தவறு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தச்சோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. தைராய்டு சுரப்பிக் குறையும் பெண்களிடமே மிகுதி. இரண்டும் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் அதன் மருந்தகத்திலும், மற்றவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்த்துக்கொள்ளலாம். மகப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு நோய் வேறு. அதற்கு மருத்துவரின் சிகிச்சை தேவை. வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவை இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். இவ்வெண்ணை இம்மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் தம் வீட்டு நாட்காட்டியில் எழுதி வைத்தல் நலம்.

இரண்டாவது, வீடு செய்ய வேண்டியது. 'மனைவிக்கு உதவுகிறேன்' என்று சொல்லும் கணவர்கள் இன்று பலர். அவர்களது எண்ணம் நல்லது. ஆனால் சொல்லில் ஒரு குறை உண்டு. உதவுபவர் எப்போதும் விருந்தாளி, பொறுப்பு இன்னொருவருடையது. எரிவாயு உருளை தீரும் நாள், பள்ளிக் கட்டணத்தின் கடைசி நாள், தடுப்பூசித் தேதி, மாமனாரின் இரத்த அழுத்த மாத்திரை, நாளைய குழம்புக்குப் பருப்பு உண்டா என்பது வரை நினைவில் சுமப்பதே ஒரு வேலை. கைகள் ஓய்ந்திருக்கும்போதும் அந்த வேலை தலைக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே வேலையைப் பங்கிடுவதைக் காட்டிலும் பொறுப்பைப் பங்கிட வேண்டும். காலை உணவு கணவருடையது என்றால், மாவு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் பாத்திரம் கழுவுவது வரை அவருடையதே ஆக வேண்டும். பிள்ளையின் பள்ளிக் காரியம் அவருடையது என்றால், ஆசிரியரின் தொலைபேசி அழைப்பும் அவருக்கே வர வேண்டும். முதல் மாதம் தோசை கருகும், சீருடை நனைந்திருக்கும். அதைக் கண்டு பொறுப்பைத் திரும்பப் பறித்துக்கொள்ளாதிருப்பதே தாயின் பங்கு.

குடும்பத்தார் ஒரு வாரம் தாளும் பேனாவும் எடுத்து, யார் எந்த மணிக்கு என்ன செய்தார் என்று குறித்துப் பார்த்தல் நன்று. சண்டையில் தீராத வழக்கைச் சில நேரம் கணக்கு தீர்த்துவிடும். ஷிப்டு மாறும்போது வீட்டு முறையும் மாற வேண்டும். இரவு ஷிப்டு வாரத்தில் தாயின் உறக்கத்துக்கு இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று நேரம் ஒதுக்கி, அந்நேரத்தில் அறைக்கதவு சாத்தி, அவளது கைபேசியைப் பிறர் ஏற்க வேண்டும். பத்து வயது மகனுக்கும் பத்து வயது மகளுக்கும் வேலை ஒன்றுபோல் தரப்பட வேண்டும். தங்கையைத் துடைப்பம் எடுக்கச் சொல்லி அண்ணனை விளையாட அனுப்பும் வீடு, அடுத்த தலைமுறையின் சோர்வுக்கு இன்றே விதை தூவுகிறது.

இந்த அவையோர்க்குரிய ஒரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நல்லொழுக்கம் சமணக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டு, நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து, கதிரவன் மறையுமுன் வந்து அடுப்பேற்ற ஓடிவரும் மருமகளின் மூச்சிரைப்பையும் அவ்வீடு கேட்க வேண்டும். ஒழுக்கம் குடும்பம் முழுமைக்கும் உரியது என்றால் அடுப்பும் குடும்பம் முழுமைக்கும் உரியதாக வேண்டும். வீட்டில் இருப்பவர் எவராயினும், அவர் மாமனாரே ஆயினும், நான்கு மணிக்கு அரிசி களைந்து வைக்கலாம். விழா நாள்களிலும் இதுவே முறை. நோன்பிருப்போர்க்குப் பாரணை உணவு சமைப்பவளும் பல நேரம் நோன்பிருப்பவளே. அவள் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து வந்து அடுக்களையில் நின்றே விழாவைக் கழித்தால், விழா அவளுக்கு இன்னொரு ஷிப்டாகிவிடுகிறது.

மூன்றாவது, தொழிலகம் செய்ய வேண்டியது. இங்கே தாய்மார் இரப்பதற்கு எதுவுமில்லை. சட்டம் வழங்கியதைக் கேட்பதே போதும். 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அத்திருத்தம் வகுத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்க்கு இது கிடையாது என்று சிலர் சொல்லக் கேட்கலாம். தில்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களின் வழக்கில், மகப்பேற்று நலன் அவர்களுக்கும் உண்டு என்று உச்சநீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது.

சட்டத்துக்கு மேலும் ஆலை நிருவாகங்கள் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை உள. ஷிப்டு அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகத் தருதல். வாரத்துக்கொரு முறை ஷிப்டு மாற்றுவதைக் குறைத்தல். இரவு முடித்து மறு நாளே காலைப் பணிக்கு அழைக்காதிருத்தல். பிள்ளைக்கு நோய் என்றால் இருவர் தமக்குள் ஷிப்டு மாற்றிக்கொள்ள இசைதல். மகப்பேறு முடிந்து திரும்புபவளைச் சில மாதங்கள் பகற்பணியிலேயே வைத்தல். தாய்ப்பால் எடுத்து வைக்கத் தூய்மையான தனியறை தருதல். பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி வேலையை விட்டுச் சென்றால் அவளிடத்தில் மற்றொருத்தியைப் பழக்குவதற்கு ஆகும் செலவை எண்ணினால், இவை தருமமும் அல்ல, நல்ல வணிகமே.

வேலையைப் பெண்ணின் ஊருக்குக் கொண்டு செல்லும் வழியும் இவ்வட்டாரத்திலேயே முயலப்பட்டது. 1990களில் மைராடா தொண்டு நிறுவனத்தின் துணையோடு ஓசூர்ப் பகுதிக் கிராமத்துச் சுயஉதவிக் குழுப் பெண்கள், டைட்டனுக்குக் கடிகாரப் பட்டைகளைக் கோத்துத் தரும் 'மெடோ' என்னும் நிறுவனத்தை உருவாக்கி, அதன் பங்குதாரராகவும் விளங்கினர். வேலையை நடத்துவோரும் செய்வோரும் பெண்களே ஆகும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்னும் சொல்லுக்கு விளக்கம் கேட்க எவரும் இருப்பதில்லை.

நான்காவது, ஊரும் அரசும் செய்வது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தது என்பர். அது தாயின் காலைப் பொழுதில் ஒரு சமையலையும் குறைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. 2023 ஜூன் முதல் கர்நாடகமும் தன் மாநிலப் பெண்களுக்கு அவ்வசதி தந்தது. ஆயினும் எல்லை தாண்டி நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஓசூர்ப் பெண்ணுக்கு அத்திப்பள்ளியோடு இந்தச் சலுகை முறிந்துவிடுகிறது. இரு மாநிலமும் கலந்து பேசித் தீர்க்க வேண்டிய சிக்கல் அது.

எல்லாவற்றினும் பெரிய தேவை, பிள்ளையை நம்பி விட்டுச் செல்ல ஓர் இடம். 1969-இல் தில்லியில் கட்டட வேலைத் தளமொன்றில் புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் தொடங்கிய 'நடமாடும் குழந்தைக் காப்பகம்' நாடு முழுவதற்கும் வழிகாட்டியது. குஜராத்தில் எலா பட் நிறுவிய 'சேவா' அமைப்பின் பெண்கள் தம் காப்பகங்களைத் தாமே கூட்டுறவாக நடத்தினர். பெரும்பொருள் இருந்ததால் அவை எழவில்லை. ஓர் அறையும், பொறுப்பான சில பெண்களும், விடாமுயற்சியும் இருந்ததால் எழுந்தன.

இவ்வட்டாரத்தில் அறக்கட்டளைகளுக்கும் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் சொந்தமான மண்டபங்கள் பல உள்ளன. திருமணமும் விழாவும் இல்லாத நாள்களில் அவற்றின் கதவுகள் பூட்டியே கிடக்கின்றன. பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் செவிலியரும் அதே தெருக்களில் இருக்கின்றனர். பகற்பொழுது போகவில்லை என்று வருந்தும் பாட்டிமாரும் இருக்கின்றனர். ஒரு மண்டபத்தின் ஓர் அறை, இரண்டு பயிற்சி பெற்ற ஊழியர், ஒரு சமையற்காரர், ஷிப்டு நேரத்துக்கு ஏற்பக் காலை ஐந்தரைக்கே திறக்கும் கதவு. இவை கிடைத்தால், ஊரில் பாட்டியிடம் விடப்பட்ட சில பிள்ளைகளேனும் தாயிடம் திரும்பி வரும். அன்னதானமும் மருத்துவ முகாமும் செய்துவரும் அறநிலையங்களுக்கு இது எட்டாத காரியமன்று. குழந்தைகளின் பாதுகாப்புக்குரிய விதிகளையும் பணியாளர் சரிபார்ப்பையும் கடைப்பிடித்துச் சிறிதாகத் தொடங்கலாம்.

கடைசியாக, தாய் தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டியது. இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தியானம் செய், நடைப்பயிற்சி செய், புன்னகை செய் என்று சோர்ந்த தாய்க்கு மேலும் மூன்று வேலைகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் அறிவுரைகள் மலிந்துவிட்டன. சுமையைக் குறைக்காமல் சுமப்பவளின் தோளுக்குத் தைலம் தடவினால் போதாது. ஆயினும் அவள் கையில் உள்ளவை சில உண்டு. பசித்த நேரத்தில் உண்ணல், எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அன்று. உரிய விடுப்பைத் தனக்காகவும் எடுத்தல். மேலதிக நேரப் பணிக்கு 'இன்று இயலாது' என்று ஒருமுறையேனும் சொல்லிப் பழகுதல். வீடு சற்றே கலைந்து கிடக்கப் பொறுத்தல். ஒரே பேருந்தில் வரும் இரு தோழியரிடம் மனம் திறத்தல். அடுத்த வீட்டுத் தாயோடு பிள்ளை பார்க்கும் முறையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளல். பிள்ளைக்குத் தேவை குறையே இல்லாத தாய் அன்று. தன்னோடு சிரித்துப் பேசத் தெம்புள்ள தாய்.

ஆகவே இந்த அரங்கிலிருந்து வீடு செல்வோர்க்கு மூன்று வேண்டுகோள்கள். வேலைக்குச் செல்லும் மனைவியோ மருமகளோ மகளோ உள்ள வீட்டார், அவள் நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினாள் என்று இன்று கேட்க வேண்டும். விடை ஆறுக்குக் கீழே என்றால், அவளது வேலைகளில் ஒன்றை இந்த வாரமே முழுப் பொறுப்போடு வேறொருவர் ஏற்க வேண்டும். தொழில் நடத்துவோர், தம் நிறுவனத்தில் காப்பகம் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பிள்ளைகள் இருக்கின்றன என்று நேரில் சென்று பார்க்க வேண்டும். அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள், பூட்டிய மண்டபத்தின் ஓர் அறையைத் திறப்பது பற்றி அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும். தாய்மையைப் போற்றும் சொற்கள் இந்நாட்டில் வேண்டிய மட்டும் உள்ளன. தாய்மாருக்கு இப்போது வேண்டியவை சில மணி நேரங்கள்.